மீண்டும் கப்பலேறியவர்

சேதுநாட்டு ஓரியூரில், 1693 பிப்ரவரி 4 அன்று சிரச்சேதம் செய்யப்பட்ட அருளானந்தர், லிஸ்பன் நகரத்துப் பிரபுகுலத்தில் பிறந்தும், சுகபோகங்களைத் துறந்து, காவியுடுத்தித் தமிழ் பேசி வாழ்ந்த துறவி என்பது பலரும் அறிந்ததே. என் மனத்தை ஈர்ப்பது வேறொன்று. 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, இனி இங்கே போதிக்கலாகாது என்ற ஆக்ஞையோடு விடுவிக்கப்பட்டு, பின்னர்த் தாய்நாடு சென்ற அவரை, அங்கேயே இருத்திக்கொள்ளப் போர்த்துக்கல் அரசரே விரும்பியபோதும், தேவ சித்தமே தம் க்ஷேமம் என்ற அசையாத விசுவாசத்துடன் மீண்டும் கப்பலேறினாரே, அதுதான்! முதன்முறை வந்தவருக்கு அறியாமையாவது துணையிருந்திருக்கும். இம்முறை அதுவும் இல்லை. திரும்பி வந்த அவரிடம் மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக விலக்கிய மனைவியரில் ஒருத்தி, சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினள். அதனால் மன்னர் கொண்ட கோபமே வினையாயிற்று. மரணத்துக்கு முந்தைய நாள் சிறையிலிருந்து அருளானந்தர் எழுதிய கடிதத்தில் புலம்பல் இல்லை, ஆனந்தமே இருக்கிறது.