ஏட்டில் விடுபட்ட பெயர்கள்



ஆண்டுதோறும் டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் முதல் 17 வசனங்கள் வாசிக்கப்படுகின்றன. ஆபிரகாம் தொடங்கி இயேசு வரை பெயருக்கு மேல் பெயர். வாசிப்பவருக்கு நாக்குத் தடுமாறுகிறது. கேட்கும் நமக்குக் கண் சொருகுகிறது. ஆனால் நம் தாத்தா பெயரும் பாட்டி பெயரும் அந்த வரிசையில் வந்தால் தூங்குவோமா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம் அல்லவா? ஆகவே இன்று அந்தப் பட்டியலை நம் ஓசூர், கிருஷ்ணகிரி மண்ணில் வைத்துச் சிந்திப்போம்.

தளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கத்தோலிக்க விவசாயக் குடும்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1870ஆம் ஆண்டு வாக்கில் அந்த வீட்டில் வாழ்ந்த பூட்டனார் யார், பூட்டியார் யார் என்று அறிய அவர்கள் விரும்புகிறார்கள். எங்கே போய்த் தேடுவது?

முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கிறது. இரண்டு தலைமுறை தாண்டினால் அதுவும் துணைக்கு வராது. ஆனால் நம் முன்னோர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன்தான் பேரன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி நடக்கலாம்.

அடுத்து, பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அண்ணன் தம்பி அத்தனை பேரின் பெயரும் தெரிந்துவிடும். அது இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு ஆகியவற்றைக் கேட்கலாம். 1980 நவம்பர் 14 வரை இந்தக் கணக்குகளை எழுதியவர்கள் கர்ணங்களும் மணியக்காரர்களும். பிறப்பு இறப்புப் பதிவுக்கென்றே 1899இல் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்தது.

அதற்கும் முந்தைய காலத்துக்குப் போக வேண்டுமானால் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004இல். அதற்குமுன் நாம் தருமபுரி மாவட்டம். 1965க்கு முன் சேலம் ஜில்லா. ஆகவே 19ஆம் நூற்றாண்டுப் பூட்டனாரைச் சேலத்துக் காகிதங்களிலும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். 1792இல் பாராமகால் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவர் ஒவ்வொருவர் பெயரிலும் தீர்வை எழுதினார்கள். ரயத்துவாரி முறை வேர்விட்டது நம் மண்ணில்தான். ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு சேர்ந்தது. ஆனால் சூளகிரி, பாகலூர், பேரிகை போன்ற பாளையங்களின் ஊர்களும், மிட்டாதார்களுக்கு விடப்பட்ட ஊர்களும் வேறு கதை. அங்கே சர்க்காருக்கும் உழவருக்கும் நடுவே பாளையக்காரரோ மிட்டாதாரோ இருந்தார். அத்தகைய எஸ்டேட்டுகளை ஒழித்து அவற்றை ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் 1948இல்தான் வந்தது. அதுவரை உழவரின் பெயர் பெரும்பாலும் அவர்களுடைய கணக்கோடு நின்றுவிட்டது.

அன்பார்ந்தவர்களே, இந்த ஏடுகளையெல்லாம் எதற்காக எழுதினார்கள்? நம் முன்னோரை நினைவில் வைக்கவா? இல்லை. வரி வாங்குவதற்கு. நிலம் இருந்தவர் பெயர் ஏட்டில் ஏறியது. அந்த நிலத்தில் ஏர் பிடித்த பண்ணையாளின் பெயர் ஏறவில்லை. களை எடுத்த அவர் மனைவியின் பெயரும் ஏறவில்லை. பூட்டனாரைக் கண்டுபிடித்துவிடலாம், பூட்டியாரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

தேடிக்கொண்டு போகிறவர்கள் 1876, 77, 78 ஆண்டுகளுக்கு வரும்போது திகைத்து நிற்பார்கள். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன காலம் அது. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் ஜில்லாவில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881 கணக்கில் ஏறக்குறைய 16 லட்சம் பேர். பத்து ஆண்டில் கூடியிருக்க வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. எத்தனையோ பேர் பசியிலும் காலராவிலும் இறந்தார்கள். எத்தனையோ பேர் ஊரைவிட்டே போனார்கள். எண் இருக்கிறது. பெயர்கள் எங்கே?

ஊரைவிட்டுப் போனவர்களில் சிலருடைய பெயர் கடல் கடந்து கிடைக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1 லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஊர் தேடி வருகிறார்கள். தன் ஊர்க் கணக்கில் பெயரே இல்லாத ஏழைக்குக் கப்பலில் பெயர் கிடைத்தது. ஏன்? அவருடைய உழைப்பை வாங்கியவர்களுக்குக் கணக்குத் தேவைப்பட்டது. நிலத்துக்குக் கணக்கு, கூலிக்குக் கணக்கு. ஆளுக்காக ஆளின் பெயரை எழுதியவர் யார்?

இங்கேதான் திருமுழுக்குப் பதிவேட்டை நாம் திறக்க வேண்டும். திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் பங்குகளில் பதிவேடு வைக்கக் கட்டளையிட்டது. பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் மாட்டு வண்டியிலும் குதிரையிலும் நம் ஊர்களுக்கு வந்த காலத்தில் அந்தக் கட்டளையும் கூடவே வந்தது. அந்த ஏடுகள் இலத்தீனில் இருக்கும். பேத்ருஸ் என்று எழுதியிருந்தால் வீட்டில் அவர் ராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன். யோவான்னெஸ் என்றால் அருளப்பன். யோசேப்புஸ் என்றால் சூசை. இதைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும். சேலம் மறைமாவட்டம் 1930இலும் தருமபுரி மறைமாவட்டம் 1997இலும் உருவானவை. எனவே பழைய தாய்ப்பங்கு எது என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

அந்த ஏட்டின் ஒரு வரியைக் கவனியுங்கள். குழந்தையின் பெயர், தந்தை பெயர், அதன் பக்கத்திலேயே தாயின் பெயர். பிறகு ஞானத்தந்தை, ஞானத்தாய். பட்டா உண்டா, தீர்வை எவ்வளவு என்ற கேள்வி அங்கே இல்லை. பண்ணையாளின் பிள்ளைக்கும் அதே ஒரு வரி; மணியக்காரர் பிள்ளைக்கும் அதே ஒரு வரி. வருவாய்த் துறைக் காகிதங்களில் தேடிக் கிடைக்காத பூட்டியார் இந்த வரியில் கிடைக்கக்கூடும். எல்லா ஏடுகளும் மிஞ்சவில்லை. கரையானும் மழையும் சிலவற்றைத் தின்றுவிட்டன. ஆனாலும் தாயின் பெயரை விடாமல் எழுது என்று திருச்சபை கற்றுக்கொண்டது எங்கிருந்து?

மத்தேயுவிடம் திரும்பி வருவோம். அவர் பட்டியல் முழுமையானது அல்ல. யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று அரசர்களை அவர் விட்டுவிடுகிறார். மணிமுடி தரித்தவர்களை விட்டவர், மாமனாரால் ஏமாற்றப்பட்ட தாமாரை விடவில்லை. எரிகோவின் இராகாபை விடவில்லை. பிழைப்புத் தேடிக் கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண் ரூத்தை விடவில்லை. தாவீது செய்த பாவத்தை மறைக்காமல், உரியாவின் மனைவி என்றே எழுதுகிறார். இப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான் மீட்பர் வந்தார் என்கிறார். குலப்பெருமை பேசுவதற்காக முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

அன்பு நேயர்களே, இந்தச் சிந்தனை நமக்கு இன்று ஏன் தேவை? 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. கேழ்வரகு விளைந்த மேட்டு நிலத்துக்கு நாம் நினைத்தும் பார்க்காத விலை வந்தது. இன்றைக்கு வம்சாவளி என்பது வெறும் ஞாபகம் அல்ல, பணம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லில் வம்சவிருட்சச் சான்று கேட்கிறார்கள். இந்தப் பக்கம் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று கேட்கிறார்கள். மனு எழுதும்போது அண்ணன் தம்பி பெயரை எழுதிவிட்டு, கட்டிக்கொடுத்த அக்காளின் பெயரை விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. முதல் தாரத்துப் பிள்ளையை விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. தமிழ்நாட்டில் 1989 முதல் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. கிறிஸ்தவர்களுக்கான வாரிசுரிமைச் சட்டம் மகனையும் மகளையும் சமமாகவே வைக்கிறது. அப்படியிருக்க, உடன்பிறந்தவள் பெயரை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும் கை, அதே கையில் நற்கருணை வாங்க நீட்டப்படலாமா?

இன்னொரு பட்டியலும் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தெருவின் லைன் வீடுகளில் தங்கி, ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். நம் முன்னோர் பஞ்சம் பிழைக்க நேட்டாலுக்கும் கோலார் தங்கவயலுக்கும் போனது போல அவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரரின் ஏட்டில் அவர்கள் பெயர் இருக்கும். நம் பங்கின் குடும்பப் பதிவேட்டில் இருக்கிறதா? அங்கே பிறக்கும் குழந்தையின் பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதை மொழி தெரியாத அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவராவது உண்டா? அந்தச் சான்று இல்லையென்றால் நாளைக்குப் பள்ளியில் சேர்க்க அவள் அலைய வேண்டும். நூறு ஆண்டு கழித்து அவள் பேரப்பிள்ளைகள் தேடி வரும்போது நாம் எழுதிய ஒரு வரி அவர்களுக்குக் கிடைக்கட்டும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். மாலைச் செபம் முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, நமக்குத் தெரிந்த முன்னோர் பெயர்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுவோம். தாய்வழியையும் எழுதுவோம். சண்டையினால் பேச்சு நின்றுபோனவர்கள் பெயரையும் எழுதுவோம். யார் பெயரை எழுதத் தயங்குகிறோமோ, அவரிடம் போய்ப் பேசுவோம்.

அகுஸ்து சீசரின் கணக்கெடுப்புக்காகப் பெத்லகேம் போன ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் நம் ஆண்டவர். எந்த ஏட்டிலும் அகப்படாமல் தாது வருஷத்தில் மடிந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவர் பெயர் சொல்லி அறிவார். அவர்கள் அனைவருக்கும் அவர் நித்திய இளைப்பாற்றியை அளிப்பாராக. ஒருவரையும் விட்டுவிடாத மனத்தை நமக்கும் தருவாராக. ஆமென்.