கல்லையும் மண்ணையும் கற்பிக்கும் நூலகம்

(அழகர்கோவிலில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊராட்சிக் கூட்டம் என்றால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றுப் புதுமையானது. நம் ஊர் நூலகத்தில், நம் காலடியில் உள்ள மண், கல், நீர் ஆகியவற்றைப் பற்றிய நூல்களும் படங்களும் குறிப்புகளும் கொண்ட ஒரு தனிப் பகுதி இருக்க வேண்டும். அதனைத் திரட்டிப் பேணுவதற்கு ஊரார் சிலர் கூடி ஒரு நிலவியல் மன்றம் அமைக்க வேண்டும் என்பதே அப்பொருள்.

நிலவியல் என்பது நிலத்தின் அமைப்பை ஆராயும் கல்வி. முன்னாளில் இதனைப் பூகர்ப்ப சாஸ்திரம் என்று வழங்கினர். பெயர் பெரிதாயினும் பொருள் நமக்கு அந்நியமன்று. கிணறு வெட்டும்போது செம்மண் எத்தனை அடி, சரளை எத்தனை அடி, சுக்கான் எங்கே தொடங்கும், கெட்டிப் பாறை எங்கே தட்டும் என்று கணக்குப் பார்க்கின்ற ஒவ்வோர் உழவரும் நிலவியல் பேசுகின்றவரே ஆவார். குறை யாதெனில், அவர் பேசுவது ஏட்டில் ஏறுவதில்லை.

கல்லே ஏடாக இருந்த ஊர்

எழுதி வைக்கும் வழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. இந்த அழகர்மலையிலேயே கிடாரிப்பட்டிப் பக்கத்தில் உள்ள குகைத்தளத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்-பிராமி எழுத்துகள் உள்ளன. முனிவர்கள் தங்குவதற்காகக் கொடை அளித்தவர்களின் பெயர்களும் தொழில்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பொற்கொல்லர், உப்பு வணிகர், துணி வணிகர் ஆகியோருடன், கலப்பைக்குக் கொழு விற்ற வணிகர் ஒருவரும் அவர்களுள் இருக்கிறார். ஏருக்குக் கொழு விற்றவரின் பெயர் இத்தனை நூற்றாண்டுகள் கடந்து நிற்பதற்குக் காரணம் ஒன்றே, அது எழுதப்பட்டது. மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் மலையிலுள்ள கல்வெட்டுகளை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சுவெல் என்னும் ஆங்கில அதிகாரி கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். அவை தமிழ் எழுத்துகளுள் மிகப் பழமையானவற்றைச் சேர்ந்தவை.

அத்தகைய மண்ணில் இன்று ஒருவர் ஆழ்குழாய்க் கிணறு இறக்கினால், எத்தனை அடியில் என்ன கண்டார் என்பது போர் வண்டி ஊரைவிட்டுப் போகும்போது அதனுடன் போய்விடுகிறது.

அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை

பெரியாற்றுக் கால்வாய் நீர் 1895 முதல் நம் வட்டாரத்துக்கு வருகிறது. ஆயினும் கள்ளந்திரி வரையுள்ள நிலங்களுக்கே இருபோகம். மேலூர்ப் பக்கம் ஒருபோகம். கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களோ கிணற்றை நம்பியே இருக்கின்றன. மதுரை வட்டாரத்தில் தரையின் கீழே இருப்பவை பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் முதலிய கெட்டிப் பாறைகளாகும். இப்பாறைகள் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைப்பவை அல்ல. மேலே சிதைந்து இளகிய அடுக்கிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். வெடிப்பு அமைந்த இடத்தில் 200 அடியில் நீர் கிடைக்கலாம். அடுத்த வயலில் 800 அடி சென்றும் புழுதியே கிளம்பலாம். ஆழம் கூடக் கூட நீர் கூடும் என்ற எண்ணம் இத்தகைய நிலத்துக்குப் பொருந்தாது.

இது தெரியாமையால், ஒரே வரப்பின் இருபுறமும் ஒருவர் கண்ட தோல்வியையே மற்றவரும் கடன் வாங்கிக் காண்கிறார். முதலாமவரின் கிணற்றுக் கணக்கு ஊர் நூலகத்தில் இருந்திருக்குமாயின், இரண்டாமவர் துளையிடுமுன் ஒருநாள் அதனைப் புரட்டிப் பார்த்திருப்பார். நகையை அடகு வைத்துப் பெற்ற பணம் பாறைக்குள் போவதைத் தடுக்க ஓர் ஏடு உதவும் என்றால் அதனை அற்பம் என்று சொல்ல இயலுமா?

மற்றொரு நிகழ்ச்சியையும் நினைவூட்ட விரும்புகிறோம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. 2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு உரியதாயிற்று. அவ்வாறே 2024 நவம்பரில், மேற்சொன்ன தலத்தையும் உள்ளடக்கிய, சுமார் 2,015 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவு வெளிவந்தது. கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

அதன் நியாயங்களை ஆராய்வது இன்றைய நமது நோக்கமன்று. நாம் கருத வேண்டியது வேறு. இத்தகைய செய்தி ஓர் ஊருக்கு வரும்போது, தொகுதியின் எல்லை எந்தச் சர்வே எண் வரை செல்கிறது, அங்குள்ள பாறை எத்தகையது, எந்தக் கண்மாய்க்கு எந்தக் குன்றிலிருந்து நீர் வருகிறது என்ற கேள்விகள் எழுகின்றன. அவற்றுக்கு விடை கூறும் தாள்கள் உலகில் எங்கேயோ இருக்கின்றன, ஊரில் இல்லை. ஒரு திட்டத்தை ஏற்பதாயினும் மறுப்பதாயினும், கிராம சபை தன் கையிலுள்ள ஆதாரத்தைக் கொண்டு பேசுமாயின் அதன் சொல்லுக்கு நிறை கூடும்.

பிற இடங்களின் அனுபவம்

இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித் என்பவர் ஒரு கொல்லரின் மகன். கால்வாய் வெட்டுமிடங்களில் நில அளவை செய்தவர். வெட்டிய கரையில் மண்ணும் கல்லும் அடுக்கடுக்காக, எங்கும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதைக் கண்டு குறித்து வந்தார். அக்குறிப்புகளைக் கொண்டு 1815இல் அவர் வெளியிட்ட நிலவியல் படம் உலகப் புகழ் பெற்றது. 1807இல் தொடங்கிய லண்டன் நிலவியல் சங்கம் 1831இல் அவருக்குத் தன் முதற் பதக்கத்தை வழங்கியது. நம் நாட்டில் 1851இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தோன்றியது. 1958இல் பெங்களூரில் இந்திய நிலவியல் சங்கம் நிறுவப்பட்டது. ஆயினும் இவையெல்லாம் அறிஞர்களின் அமைப்புகள். ஊர்தோறும் இக்கல்வியைக் கொண்டு சேர்க்கும் பணி இன்னும் எஞ்சியே நிற்கிறது.

நூலைத் தேடி மக்கள் வர இயலாவிடில், மக்களைத் தேடி நூல் செல்ல வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு வரியுடன் நாம் செலுத்தும் நூலக வரி அதன் பயனாக வந்ததே. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவை எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் இயங்குகின்றன என்று சொல்வதற்கில்லை. கட்டடம் இருந்தும் ஊருக்குத் தேவையான நூல் இல்லையேல் கதவு தானே மூடிக்கொள்ளும்.

எவற்றைத் திரட்டுவது?

முதலாவது, நம் ஊரின் படங்கள். கிராம வரைபடம், புலப்படம், கண்மாய், ஓடை, வரத்துக்கால் ஆகியவற்றைக் காட்டும் பதிவுகள், இந்திய நில அளவைத் துறையின் நிலப்படம் ஆகியவற்றின் பிரதிகள் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அரசுத் துறைகளின் ஏடுகள். நிலவியல் ஆய்வுத் துறையின் படங்களும் அறிக்கைகளும் 'பூகோஷ்' என்னும் அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாவட்டவாரியாக அறிக்கைகள் வெளியிட்டுள்ளது. கல்லூரியில் பயிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இவற்றை அச்செடுத்துத் தரலாம். பொதுவில் கிடைக்காத தாள்களை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பெறலாம்.

மூன்றாவது, பழைய நூல்கள். நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டு நூலும், பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மதுரை ஜில்லா விவரண நூலும் இன்றும் பயன் தருபவை. பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் அவர்களே, மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலை ஆராய்ந்து 1883இல் ஒரு நூல் வெளியிட்டார் என்பது பலர் அறியாத செய்தி. இவை ஆங்கில நூல்களாதலின், நம் வட்டாரம் பற்றிய பக்கங்களையேனும் ஆசிரியர்களைக் கொண்டு தமிழில் சுருக்கி எழுதி உடன் வைத்தல் வேண்டும்.

நான்காவது, தமிழ் நூல்கள். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும், பின்னர் வந்த அறிவியல் களஞ்சியமும் அடிப்படை நூல்கள். மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் சென்று, எந்நூல்கள் நமக்கு ஏற்றவை என்று பார்த்து வந்தபின் வாங்குதல் நலம்.

நாமே எழுத வேண்டிய நூல்

மேற்கூறியவை அனைத்தும் வேறிடத்திலும் கிடைக்கும். எந்த அச்சகத்திலும் கிடைக்காத நூல் ஒன்று உண்டு. அதுவே நம் ஊர்க் கிணற்றுப் பதிவேடு.

கிணறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. சர்வே எண், தோண்டிய ஆண்டு, எத்தனை அடி வரை என்ன மண், எங்கே பாறை, எந்த அடியில் நீர், நீர் நன்னீரா உவர் நீரா, சித்திரையில் மட்டம் எவ்வளவு, ஐப்பசி மழைக்குப்பின் எவ்வளவு என்பவற்றை எழுதுக. சரளை, சுக்கான் என்று ஊரார் வழங்கும் சொற்களையே எழுதுக. படித்தவர்கள் அதன் அருகே நூற்பெயரைக் குறிக்கட்டும். வற்றிப்போன கிணற்றையும், நீர் வராத துளையையும் விடாமல் எழுதுக. அடுத்தவருக்குப் பெரிதும் உதவுவது தோல்வியின் கணக்கே. 2015 முதல் வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டைகளின் நகல்களையும் சர்வே எண் வாரியாக உடன் கோத்து வைத்தால் ஊரின் மண் முழுவதும் ஒரு பார்வையில் விளங்கும்.

2002ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டத்தின்கீழ் ஊரிலுள்ள செடி, கொடி, விலங்கு, பறவைகளுக்கு மக்கள் பதிவேடு தயாரிக்க வழி செய்யப்பட்டுள்ளது. அதுபோலக் கல்லுக்கும் நீருக்கும் நாமே ஒரு பதிவேடு வைத்துக்கொள்வதை எவரும் தடுக்கப் போவதில்லை. இந்த மலைமேல் நூபுர கங்கையில் தீர்த்தமாடுவோர் பலர். பெய்த மழை காட்டு மண்ணில் ஊறி, பாறை இடுக்குகளில் இறங்கி, ஊற்றாக வெளிப்படும் வகையை நம் பிள்ளைகள் அறிந்தால், காட்டின் அருமையும் சேர்ந்தே விளங்கும்.

கல் மாதிரிகளும் சேர்க்கலாம். கிணற்று மேட்டில் கொட்டிய கல்லே போதுமானது. குகைத்தளங்களிலோ கல்வெட்டுப் பாறைகளிலோ உளி படலாகாது. அவை சட்டத்தாலும் மரபாலும் காக்கப்பட வேண்டியவை.

பேணும் முறை

திரட்டுவது எளிது, பேணுவதே அரிது. வந்த ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண் இட்டு, கொடுத்தவர், தேதி, கிடைத்த இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதப்படாத கல் வெறுங்கல்லே. படங்களை மடித்தால் மடிப்பில் கிழியும். சுருட்டிக் குழாயில் இடுக. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமலும் தரையில் படாமலும் வைத்தால் கறையானைத் தவிர்க்கலாம். மூலப்படத்தை வெளியே கொடாமல் நகலையே கொடுத்தல் நலம். கிணற்றுப் பதிவேட்டுக்கு இரண்டு படிகள் வைத்து, ஒன்றைப் பள்ளியில் ஒப்படைக்கலாம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஓர் உழவர், ஓர் ஆசிரியர், கிணறு வெட்டுதலில் பழகிய ஒருவர், மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர் ஆகிய ஐவர் போதும். மாதம் ஒருமுறை நூலகத்தில் கூடி, அம்மாதம் வந்த குறிப்புகளைப் படித்துப் பதிவு செய்க. ஆண்டுக்கு ஒருமுறை கிராம சபையில் பதிவேட்டை வாசிக்கச் செய்க.

இப்பணியை அலுவலகத்திடம் விடாமல் ஊராரிடம் ஏன் வேண்டுகிறோம் என்று கேட்கலாம். எம்மைப் போன்ற அலுவலர்கள் மாற்றலாகிச் செல்பவர்கள். கோப்புகளும் இடம் மாறும். ஊர் மாறாது, கிணறும் மாறாது. ஆகவே அவற்றின் கணக்கு ஊரின் கையிலேயே இருத்தல் முறை. பதிவேடு வாங்கி முதற் பக்கத்தில் முதற் கிணற்றை எழுதும் ஊருக்கு, வேண்டிய படங்களைத் தேடித் தருவதில் எம் அலுவலகம் துணை நிற்கும்.

வரும் கோடையில் யாரேனும் ஓர் உழவர் போர் வண்டியை அழைக்குமுன் நூலகத்துக்கு வந்து, 'என் வயலுக்கு அடுத்த கிணற்றின் கணக்கைக் காட்டுங்கள்' என்று கேட்கட்டும். அவருக்குக் காட்ட நம்மிடம் ஒரு பக்கமேனும் இருக்குமாறு இன்றே தொடங்குவோமாக.