பெருநாள் துணி

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நோன்பு வர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் பெருநாள் துணியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கடைக்காரர்கள் சரக்குக்குச் சொல்லி முடித்துவிட்டார்கள். நாம்தான் தாமதம்.

உடுப்பை வைத்து ஆளை அறிவது எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேரடி வீதியில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டி கட்டி வருகிறவர் சபரிமலைக்கு மாலை போட்டவர். சிவப்புச் சேலையில் கூட்டமாக இறங்கினால் மேல்மருவத்தூர் பக்தர்கள். காவி என்றால் சாமியார். தொளதொளவென்ற பருத்திச் சட்டையும் கைலியுமாக நடக்கும் வெள்ளைக்காரர், ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருப்பவர். பெயரைக் கேட்காமலே சொல்லிவிடுகிறோம். நம் தொப்பியையும் பர்தாவையும் பார்த்து மற்றவர்களும் நம்மைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் நம்முடையது என்று நாம் நினைக்கும் உடையே எத்தனை முறை மாறியிருக்கிறது! கட்டம் போட்ட கைலியை எடுத்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, அந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட துணிகளைக் கீழை நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். ஐரோப்பியர் வாயில் அந்த ஊர் புலிகாட் ஆனது. அந்தப் பெயர்தான் இன்றும் பாலியக்காட் லுங்கியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நைஜீரியாவில் கலபாரி என்றொரு மக்கள் இதே சென்னைக் கட்டத் துணிக்கு இஞ்சிரி என்று பெயர் வைத்து, தங்கள் குலத்தின் உடையாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

1958இல் ஓர் அமெரிக்க வியாபாரி இந்தத் துணியை வாங்கிப் போனார். நியூயார்க்கின் பெரிய கடையான புரூக்ஸ் பிரதர்ஸ் அதைச் சட்டையாகத் தைத்து விற்றது. துவைத்தால் சாயம் போனது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? சாயம் போவதுதான் இந்தத் துணியின் சிறப்பு, ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம் கிடைக்கும், அதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்று விளம்பரம் செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு அதுவே நாகரிகம் ஆகிவிட்டது. அதே கட்டத்தைக் குடியாத்தத்துக் கைலியாக நம் அத்தாமார் இடுப்பில் கட்டியபோது அது உழைப்பாளியின் உடை. நம் பிள்ளைகள் இன்று அதைக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போகக் கூச்சப்படுகிறார்கள்.

வயதான தாய்மார்களுக்கு வெள்ளைத் துப்பட்டி நினைவிருக்கும். தமிழ் பேசும் நம் குடும்பங்கள் பலவற்றில் நன்னிமார் அதைப் போர்த்திக்கொண்டுதான் வெளியே போனார்கள். ஆண்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு கறுப்பு பர்தா பரவியது. இப்போது அதிலும் கல் வைத்தது, கை அகலமானது, முன்பக்கம் திறந்தது என்று ஆண்டுக்கொரு மாடல். 2016இல் இத்தாலியின் டோல்சே அண்ட் கபானா நிறுவனம் அபாயா விற்க வந்தது. 2017இல் நைக்கி விளையாட்டு வீராங்கனைகளுக்கு ஹிஜாப் தயாரித்தது. ஓடியாடும் பெண்ணுக்கு அது உதவிதான், குறை சொல்ல மாட்டோம். ஆனாலும் அவர்களுக்கு நம் தீன் மீது திடீரென்று பாசம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நம் பணப்பை தெரிந்துவிட்டது. அரபுநாட்டு உடை என்று நாம் ஆசையோடு வாங்கும் வெள்ளைத் தோப்புக்கான துணியைப் பல காலமாக ஜப்பானின் டொயோபோ போன்ற ஆலைகள் நெய்து அனுப்புகின்றன.

இதெல்லாம் புதிதும் அல்ல. 1985இல் பூவே பூச்சூட வா படம் வந்தபின் நதியா கம்மல், நதியா வளையல் என்று கடைவீதி முழுக்க விற்றது. இந்த மேடையில் சினிமாப் பேச்சா என்று ஹஜ்ரத் பார்க்கிறார்கள். அன்று அதைக் கேட்டு அழுத சகோதரிகள் திரைக்கு அப்பால் சிரிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கிறது.

அழகாக உடுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமை ஆகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அல்லாஹ் அழகை விரும்புபவன் என்றும், உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்றும் அவர்கள் விளக்கியது முஸ்லிம் ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் ஓதியதுதான். ஆனால் அதன் பொருளைச் சென்ற பெருநாளன்று ஒரு சிறுவன்தான் எங்களுக்குப் புரியவைத்தான்.

பல ஆண்டுகளாக நம் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி கொடுத்து வருகிறது. மொத்தமாக ஒரே துணியை எடுத்துத் தைத்தால் செலவு குறையும் என்று அப்படியே செய்தோம். சென்ற ஆண்டு பச்சைக் கட்டம். ஈத்காவில் தொழுகை முடிந்து பார்த்தால் பச்சைக் கட்டம் போட்ட பிள்ளைகள் ஒரு பக்கம், மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் மட்டும் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் இருந்தான். புதுச்சட்டை எங்கே தம்பி என்று கேட்டோம். "அது ட்ரஸ்ட் சட்டைன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

இரண்டு நாள் கழித்து அவன் தாயார் பிரிக்காத பொட்டலத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். "மன்னிச்சுக்குங்க அண்ணே, அவன் போட மாட்டேங்கிறான். வேற யாருக்காவது குடுங்க" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது தர்மத்தையே வீணாக்கிவிடும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. நாங்கள் வாயால் சொல்லிக்காட்டவில்லை. சட்டையால் சொல்லிக்காட்டிவிட்டோம்.

ஆகவே இந்த ஆண்டு துணி கிடையாது, சீட்டு. நம் ஊரில் ஒப்புக்கொண்ட கடைகளில் பிள்ளையே போய்த் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பரிசுக் கூப்பனைப் போலவே இருக்கும், அறக்கட்டளையின் பெயர் அதில் இருக்காது. சீட்டு கொடுக்கும்போது போட்டோவும் கிடையாது. கமிட்டியில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. இலவசமாக வாங்குகிறவர்களுக்கு என்ன தேர்வு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் ஆசை அந்தப் பிள்ளைக்கு இருக்கக்கூடாதா என்பதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை.

செலவு கூடும் என்ற எதிர்ப்பு மட்டும் நியாயமானது. சென்ற ஆண்டு மூன்று பிள்ளைகளுக்குச் செலவான பணம் இந்த முறை இரண்டு பிள்ளைகளுக்குத்தான் வரும். அந்த மூன்றாவது பிள்ளைக்காகத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம். தொழுகைக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று, போட்டோவுக்குக் குடும்பம் முழுவதும் ஒரே நிறத்தில் ஒன்று என்று எடுக்கும் வீடுகள் நம்மில் இருக்கின்றன. போட்டோவுக்கானதை விட்டுவிட்டு அந்தப் பணத்தைத் தாருங்கள். நிக்காஹ் அன்று ஒரு முறை போட்ட ஷெர்வானி பீரோவில் கிடந்தால் சலவை செய்து கொடுங்கள், அடுத்த மாப்பிள்ளைக்கு ஆகும்.

வாரத் தவணைக்குக் குழுக் கடன் வாங்கிப் பெருநாள் துணி எடுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வட்டியின் பாவம் உங்களுக்குத் தெரியும். அந்தத் தவணை முடிவதற்குள் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வந்துவிடுகிறது, அப்போது எங்களிடம் மனு போடுகிறீர்கள். கடன் வாங்கும் முன்பே வாருங்கள். சீட்டு உங்களுக்கும் உண்டு.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஷஃபான் பிறை 15க்குள், அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். வர முடியாதவர்கள் மகளிர் குழுவில் சொல்லி அனுப்பினால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள். பெயர்ப் புத்தகம் அந்தக் குழுவின் இரண்டு சகோதரிகளிடம் மட்டுமே இருக்கும். நாங்களும் அதைப் பார்க்க மாட்டோம்.

வஸ்ஸலாம்.