பெட்டியில் கிடந்த கடிதங்களும் பெண்களின் சரித்திரமும்

(மாதர் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பழைய காகிதங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் பெண்கள் எழுதிய காகிதங்கள். கடிதம், நாட்குறிப்பு, வீட்டு வரவு செலவுக் கணக்கு, சங்கக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, பின்புறம் பென்சிலால் பெயர் எழுதிய போட்டோ, இப்படிப்பட்டவைகள். இவைகளை எல்லாம் குப்பை என்று நினைக்காமல் பெட்டி பெட்டியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஜாபிதா எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிற ஒரு சர்வகலாசாலை லைப்ரரி அமெரிக்காவில் இருக்கிறது. அது அயோவா மாகாணத்தில், மக்காச்சோளமும் பன்றி வளர்ப்புமாக உள்ள நாட்டுப்புறத்தில் இருக்கிறது.

பெண்களுக்குச் சரித்திரம் ஏது, அவர்கள் யுத்தம் செய்தார்களா, சட்டம் செய்தார்களா என்று கேட்கும் பண்டிதர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வீட்டு இரும்புப் பெட்டியின் சாவி யார் கையில் இருந்தது? நிலத்துப் பத்திரத்தையும், கோர்ட்டுத் தீர்ப்பையும், ஜாதகக் கட்டையும் பத்திரப்படுத்தின குடும்பம், பாட்டி தன் தங்கைக்கு எழுதின கடிதத்தை என்ன செய்தது? அடுப்புக்குப் போட்டது. அடுப்புக்குப் போட்டுவிட்டு, பிறகு பாட்டி ஒன்றும் எழுதவில்லை என்று சொல்வது எந்த நியாயம்? (சிரிப்பு.)

இந்த நியாயத்தை நன்றாக உணர்ந்தவர் மேரி பியர்டு என்ற அமெரிக்க அம்மையார். அவரே ஒரு சரித்திர ஆசிரியை. ஆதாரக் காகிதம் இல்லாத இடத்தில் சரித்திரமும் இல்லை என்பது அவர் வாதம். ஹங்கேரி தேசத்து ரோசிகா ஷ்விம்மர் என்ற அம்மையாரின் யோசனையின்மேல், 1935ல் உலகப் பெண்களின் ஆவண நிலையம் ஒன்றை நியூயார்க்கில் ஏற்படுத்த முன்வந்தார். பணம் போதவில்லை. 1940ல் அதை மூடவேண்டி வந்தது. மூடினதனால் வேலை வீணாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். 1942ல் ஸ்மித் கல்லூரியிலும், 1943ல் ராட்கிளிப் கல்லூரியிலும் பெண்களின் காகிதங்களைச் சேர்க்கும் வேலை ஆரம்பமாயிற்று. இரண்டும் அந்த நாளில் பணக்கார வீட்டுப் பெண்கள் மிகுந்த கல்லூரிகள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி அயோவாவுக்கு வருவோம். அங்கே டி மாயின் நகரத்தில் லூயி நூன் என்று ஒரு அம்மையார் இருந்தார். 1908ல் பிறந்து 2002ல் காலமானவர். சிவில் உரிமைச் சங்கத்தில் உழைத்தவர். தமது மாகாணத்துப் பெண்கள் ஓட்டுரிமைக்காகச் செய்த கிளர்ச்சியைப் பற்றி 1969ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அதை எழுதப் புகுந்தபோதுதான் ஆதாரம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் துணையாக நின்றவர் மேரி லூயி ஸ்மித். இவர் குடியரசுக் கட்சியின் தேசியக் கமிட்டிக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணி.

பணத்துக்கு என்ன வழி? லூயி நூனிடம் ஒரு படம் இருந்தது. மெக்ஸிகோ தேசத்துச் சித்திரக்காரி பிரீடா காலோ 1947ல் தன்னைத் தானே கூந்தல் அவிழ்ந்த நிலையில் எழுதிய படம். அதை 1991ல் ஏலத்தில் விற்றார். 16 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அந்தப் பணத்தைக் கொண்டு நிலைநிதி வைத்து, 1992ல் அயோவா சர்வகலாசாலை லைப்ரரியில் பெண்கள் ஆவணச் சாலை திறக்கப்பட்டது. நமது பக்கத்தில் இவ்வளவு பணம் ஒருவர் கையில் சேர்ந்தால் அது கோபுரத்துக்குப் போகுமா, கும்பாபிஷேகத்துக்குப் போகுமா என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு ஆட்சேபணை உண்டு. அது சரியான ஆட்சேபணை. தானாக வந்து சேரும் காகிதம் யாருடைய காகிதம்? படித்தவளுடையது, சங்கத் தலைவியுடையது, பரணும் பீரோவும் உள்ள வீட்டுக்காரியுடையது. கூலிக்காரிக்குப் பரண் ஏது? வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மேல்தட்டுப் பெண்களின் சரித்திரந்தான் சேரும். ஆண்கள் செய்த அதே மோசத்தைப் பெண்கள் தங்களுக்குள் செய்ததாகவே முடியும். இதை அந்த ஆவணச் சாலையார் உணர்ந்தார்கள். கருப்பு இனப் பெண்களைத் தேடிப் போனார்கள். குடியானவப் பெண்களைத் தேடிப் போனார்கள். 2005ல் ஆரம்பித்து மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியேறின குடும்பத்துப் பெண்களைத் தேடிப் போனார்கள். ரயில் பாதை வேலைக்கும் சர்க்கரை பீட்ரூட் வயலுக்கும் வந்த குடும்பங்கள் அவை. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னதைப் பதிவு செய்து கொண்டார்கள். ஒரு மெக்ஸிகோக்காரியின் படத்தை விற்ற பணத்தில் எழுந்த இடத்துக்கு மெக்ஸிகோக் கூலிக்காரிகளின் பேச்சு வந்து சேர இவ்வளவு வருஷம் ஆயிற்று.

கருப்பு இனப் பெண்களைப் பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். அயோவா சர்வகலாசாலை 1855ல் வகுப்பு ஆரம்பித்த நாள் முதலே ஆண்களோடு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதைப் பெருமையாகச் சொல்லிக் கொள்வார்கள். பெருமைதான். ஆனால் கருப்பு மாணவிக்கு வகுப்பில் இடம் இருந்ததே தவிர ஹாஸ்டலில் இடம் இல்லை. உடன் உட்கார்ந்து படிக்கலாம், உடன் படுக்கவும் உண்ணவும் கூடாது! சேரன்மாதேவி குருகுலத்தைக் கேட்டறிந்த உங்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. அந்த மாகாணத்துக் கருப்புப் பெண்களின் சங்கங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து, 1919ல் அயோவா நகரத்தில் சொந்தமாக ஒரு வீட்டை வாங்கி, தங்கள் இனத்து மாணவிகளைத் தங்க வைத்தன. சர்க்காரும் செய்யவில்லை, சர்வகலாசாலையும் செய்யவில்லை, வீட்டு வேலையும் சலவை வேலையும் செய்து காசு சேர்க்கிற இனத்துப் பெண்கள் செய்தார்கள். 1946ல் தான் ஐந்து கருப்பு மாணவிகள் முதல் முதலாக அந்த ஹாஸ்டலில் நுழைந்தார்கள்.

அந்த ஐவரில் ஒருவர் வர்ஜீனியா ஹார்ப்பர். பின்னாளில் போர்ட் மாடிசன் என்ற ஊரில் கருப்பு மக்களின் உரிமைச் சங்கத்தை நடத்தினவர். கருப்பர்களும் மெக்ஸிகோக்காரர்களும் குடியிருந்த பகுதியின் நடுவே பெரிய ரஸ்தா போட அதிகாரிகள் திட்டம் போட்டபோது, இரண்டு ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றவர். ஏழைகள் வீட்டின் மேல்தான் ரஸ்தா போகவேண்டும் என்பது எல்லா ஊர் இஞ்சினீயருக்கும் எப்படித்தான் தோன்றுகிறதோ! அவருடைய காகிதங்கள் இன்று எங்கே இருக்கின்றன? ஒரு காலத்தில் அவர் இனத்துப் பெண்ணுக்குப் படுக்க இடம் இல்லை என்று சொன்ன அதே சர்வகலாசாலையின் லைப்ரரியில் இருக்கின்றன. யாரும் போய்க் கேட்டுப் படிக்கலாம். ஹாஸ்டலில் நடந்ததை இனி அந்தச் சர்வகலாசாலையே நினைத்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள், குடும்பங்கள், சங்கங்கள் ஆகியவற்றின் காகிதங்கள் அங்கே இப்போது உள்ளன. இப்படிப்பட்ட இடங்களில் கொடுக்க வருகிற பெண்கள் வழக்கமாகச் சொல்லுவது, "என்னிடம் முக்கியமானது ஒன்றும் இல்லையே" என்பதாம். முக்கியம் எது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்?

இந்தக் கூட்டத்திலேயே வயதான தாய்மார்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். மறியலுக்குப் போனவர்களும், தாலியில்லாமல் சுயமரியாதைக் கலியாணம் செய்துகொண்டவர்களும் உங்களுக்குள் இருப்பதாகக் காரியதரிசி சொன்னார். அந்த அழைப்பிதழ், அப்போது வந்த வசவுக் கடிதம், ஜெயிலிலிருந்து எழுதின கார்டு, இவைகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பாருங்கள். பழைய காகிதக்காரன் வருவதற்கு முன் பாருங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ள இங்கே நாலு மாணவிகள் நோட்டுப் புஸ்தகத்தோடு தயாராக வந்திருக்கிறார்கள்.

நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.