மொராக்கோ போகிறீர்களா? கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

மொராக்கோ போக நினைக்கும் நம் குடியிருப்புக் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்.

அங்கே அரபி மட்டும் பேசுவதில்லை. 2011 அரசியலமைப்பின்படி அமாசிக்கும் ஆட்சிமொழி. அட்லஸ் மலைக் கிராமங்களில் "அசூல்" என்று வணக்கம் சொல்லுங்கள், முகம் மலரும். நகரங்களில் பிரெஞ்சும் செல்லும்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பெரும்பாலான மசூதிகளுக்குள் அனுமதி இல்லை. காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் மசூதியை வழிகாட்டியோடு பார்க்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்கவும்: காய்கறி கூஸ்கூஸிலும் இறைச்சி வெந்த சாறு சேர்ந்திருக்கலாம். ஆர்டர் கொடுக்குமுன் கேளுங்கள்.

நகருக்குள் ஓடும் சின்ன டாக்ஸியில் மூன்று பேர்தான் ஏறலாம். மீட்டர் போடச் சொல்லுங்கள். ஃபெஸ் பழைய நகரத்துச் சந்துகளில் கார் வராது, கழுதைகள்தான் சுமை கொண்டுவரும். "பாலக்!" என்று குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள். "இந்த வழி அடைத்திருக்கிறது, நான் காட்டுகிறேன்" என்று யாராவது வந்தால், நன்றி சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள்.

முக்கியமாக, ஆட்களைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். நம் தெருவில் நிற்கும் நம் வீட்டுப் பெண்களை முன்பின் தெரியாதவர் கேட்காமல் படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்கும் அப்படித்தான். வேண்டாமென்றால் சிரித்துவிட்டுக் கேமராவை இறக்கிவிடுங்கள்.