முட்டுக்கட்டை விதிகளை முறிப்பீர்!

(காரைக்கால், கோவில்பத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



திருத்தெளிச்சேரி என்று ஞானசம்பந்தர் பாடிய ஊர் இந்தக் கோவில்பத்து. சோழவளநாட்டின் கடலோர ஊராக இருந்து, 1739இல் தஞ்சை மராட்டிய மன்னனின் கொடுக்கல் வாங்கலில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சிக்குள் வந்த காரைக்கால் மண்ணின் ஒரு பகுதி. ஒரு பக்கம் கடல். மற்றை மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஆளும் தலைநகரோ வடக்கே நூற்று முப்பது கிலோமீட்டர் அளவு தொலைவில், புதுவையில். அந்தத் தலைநகரின் குடுமியோ தில்லியில்!

முப்பது பேர் தேர்ந்தெடுக்கப்பெறும் புதுவைச் சட்டமன்றத்திற்குக் காரைக்கால் அனுப்புவது ஐவரை. திருநள்ளாறு, நெடுங்காடு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து தொகுதிகளின் உழவரும் மீனவரும் தறிகாரரும் வெயிலில் வரிசை நின்று அவர்களை அனுப்புகின்றனர். அதே அவையில், ஒருவர் வாக்கும் பெறாமல், ஒரு தெருவிலும் கைகூப்பாமல், மூவர் வந்து அமரலாம். அமர்வதோடு நில்லாமல், அந்த ஐவர் எழுப்பிய அரசையே கவிழ்க்கவும் செய்யலாம். இது புனைவன்று; நடந்தது.

2021 பிப்பிரவரி 22. நாராயணசாமியின் அமைச்சரவை அவையின் நம்பிக்கையைக் கோரிய நாள். ஆளும் பக்கத்தார் ஒருவர்பின் ஒருவராக உறுப்பினர் பொறுப்பைத் துறந்தமையால் அவை இருபத்தாறு பேராகச் சுருங்கியிருந்தது. அவைத்தலைவரோடு சேர்த்து ஆளும் பக்கம் பன்னிருவர். எதிர்ப்பக்கத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தோர் பதினொருவர். பன்னிரண்டும் பதினொன்றும்! இக்கணக்கு இப்படியே நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் நடுவணரசு அமர்த்திய மூவர் எதிர்ப்பக்கம் இருந்தனர், பதினொன்று பதினான்காயிற்று. அமர்த்தப்பெற்றவர்க்கு வாக்குரிமை ஏது என்று ஆளும் பக்கம் வழக்காடியது. முதலமைச்சர் தம்மவரோடு வெளியேறினார். தீர்மானம் தோற்றது என்று அவைத்தலைவர் அறிவித்தார்.

அதற்கு முந்தைய ஐந்தாண்டும் புதுவைத் தெருக்களில் ஒலித்த பெயர் ஒன்றே: கிரண்பேடி. அமைச்சரவையின் கோப்புகளை அவர் தடுத்தார் என்று முதலமைச்சரே 2019இல் ஆளுநர் மாளிகை வாயிலில் அறப்போர் இருந்தார். ‘பேடியே, வெளியேறு’ என்பதே முழக்கம். அவர் வெளியேறினார், 2021 பிப்பிரவரி 16ஆம் நாள் பொறுப்பிலிருந்து நீக்கப்பெற்றார். அவ்விடத்திற்குத் தமிழிசை வந்தார். தமிழிலேயே உறுதிமொழியும் ஏற்றார். தமிழ்ப்பெயர், தமிழ் உறுதிமொழி, மகிழ்ச்சி! ஆனால் பேடி நீங்கிய ஆறாம் நாள் ஆட்சி கவிழ்ந்தது. ஆள் மாறியது; விதி மாறவில்லை. ஐந்தாண்டு முழக்கத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் அவ்விதியை நோக்கித் திரும்பியிருந்தால்!

அவ்விதி எங்கே இருக்கிறது? 1963இல், திருவள்ளுவராண்டு 1994இல், நாடாளுமன்றம் இயற்றிய ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் அரசுச் சட்டத்தில் இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு ஊழியரல்லாத மூவர்வரை நடுவணரசு புதுவை அவையில் அமர்த்தலாம் என்கிறது. யாரை அமர்த்துவது? எத்தகுதியால்? யாரைக் கேட்டு? ஒரு சொல்லும் இல்லை. சட்டம் பிறந்தபோது அதன்கீழ் இமாசலம், மணிப்பூர், திரிபுரா, கோவா-தாமன்-தையூ, புதுவை எனப் பல பகுதிகள் இருந்தன. இமாசலம் 1971இல் மாநிலமாயிற்று. மணிப்பூரும் திரிபுராவும் 1972இல் ஆயின. பின்னர் வந்து சேர்ந்த மிசோரமும் அருணாசலமும், அவற்றோடு கோவாவும், 1987இல் கரையேறின. சட்டத்தின் பெயரில் ‘பகுதிகள்’ என்னும் பன்மை இன்னும் இருக்கிறது. அதன்கீழ் எஞ்சியிருப்பதோ தமிழர் வாழும் புதுவை ஒன்றே!

2017இல் மூவர் அமர்த்தப்பெற்று, ஆளுநர் மாளிகையிலேயே உறுதிமொழி செய்விக்கப்பெற்றபோது, அன்றைய அவைத்தலைவர் வைத்திலிங்கம் அவர்களை ஏற்க மறுத்தார். ஆளும் கட்சி உறுப்பினர் இலட்சுமிநாராயணன் வழக்குத் தொடுத்தார். 2018 திசம்பர் 6ஆம் நாள் உச்ச நயன்மன்றம் அமர்த்தம் செல்லும் என்றது. வரவு செலவிலும் நம்பிக்கைத் தீர்மானத்திலும் அம்மூவர் வாக்களிக்கலாம் என்றும் சொன்னது. மன்றத்தைப் பழித்துப் பயனில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதை அது படித்தது. (அவ்வழக்கைத் தொடுத்த இலட்சுமிநாராயணனே, நம்பிக்கைத் தீர்மானத்திற்கு முதல்நாள் உறுப்பினர் பொறுப்பைத் துறந்து அம்மூவரின் வாக்குக்கு வலிமை சேர்த்தார், பின்னர் வந்த ஆட்சியில் அமைச்சரும் ஆனார். விதி தம்மைக் குத்தும்போது மட்டும் அதனை வெறுப்பவர்களால் விதி மாறுவதில்லை.)

இதில் ஒரு கொடுமுரண் உண்டு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர்க்கே உண்டு. புதுவையின் மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்வதும் அவர்களே. ஆக, அமர்த்தப்பெற்ற மூவர் தில்லிக்கு ஒருவரை அனுப்பத் தகுதியற்றவர். ஆனால் புதுவையின் ஆட்சியைக் கவிழ்க்கத் தகுதியுடையவர்!

இக்கோல் எதிர்க்கட்சியை மட்டுமா அடிக்கும்? 2021 மே திங்களில் அரங்கசாமி முதலமைச்சரானார். நோயுற்று அவர் சென்னை மருத்துவமனையில் இருந்தபோதே பாரதிய சனதா கட்சியினர் மூவர் அமர்த்தப்பெற்றனர். தேர்தலில் ஆறு இடம் வென்ற கூட்டாளிக் கட்சி ஒரே நாளில் ஒன்பதாகி, பத்து இடம் வென்ற முதலமைச்சர் கட்சியின் தோளுக்கு வளர்ந்தது. அவ்வாறு அமர்த்தப்பெற்றவருள் ஒருவர், பிப்பிரவரியில் தி.மு.க. உறுப்பினர் பொறுப்பைத் துறந்தவர். 2025இல் அம்மூவரும் விலகினர். வேறு மூவர் வந்தனர். மக்கள் மன்றத்தின் நாற்காலி, கட்சிக்குள் முறைவைத்துப் பகிரும் பண்டமாயிற்று. காங்கிரசுக்கும் இதில் கை தூய்மையில்லை. தில்லியில் பல்லாண்டு பெரும்பான்மையோடு ஆண்டபோது இவ்வுட்பிரிவை நீக்க ஒருநாளும் அது முனையவில்லை.

உள்ளே அமர்ந்து தடுப்பவர் மூவர் என்றால், வாயிலில் நின்று தடுக்கும் விதிகள் வேறு. அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் எச்செய்தியிலேனும் கருத்து வேறுபட்டால் அது குடியரசுத் தலைவர்க்குப் போகவேண்டும் என்கிறது நாற்பத்து நான்காம் பிரிவு; முடிவு வரும்வரை, விரைவு கருதித் தாமே ஆணையிடவும் ஆளுநர்க்கு இடந்தருகிறது. வரவு செலவுத் திட்டத்தை அவையில் வைக்கவே தில்லியின் முன்னிசைவு வேண்டும். 2020 சூலையில், உரையாற்ற வேண்டிய துணைநிலை ஆளுநர் வராமலே வரவு செலவுத் திட்டம் படிக்கப்பெற்ற காட்சியைப் புதுவை கண்டது.

அவை நிறைவேற்றிய முன்வரைவுக்கோ இன்னும் நுட்பமான பொறி. குடியரசுத் தலைவர் அதனைத் திருப்பியனுப்பினால், அவை ஆறு திங்களுக்குள் மீண்டும் ஆய்ந்தாக வேண்டும். ஆளுநர்க்கு எத்தனை திங்கள்? குடியரசுத் தலைவர்க்கு எத்தனை? சட்டம் வாய்திறக்கவில்லை. மக்கள் தேர்ந்தவர்க்குக் காலக்கெடு. தேராதவர்க்குக் காலம் முழுதும் உரிமை! தமிழை ஆட்சியிலும் கல்வியிலும் நிறுத்த நாளை ஒரு முன்வரைவு நிறைவேறினாலும், அதுவும் இதே வாயிலில்தான் காத்துக்கிடக்க வேண்டும்.

அண்டையிலுள்ள தமிழ்நாடு முழு மாநிலந்தான். ஆயினும் அங்கும் இதுவே கதை. பெரும்பாலும் துணைவேந்தரை அமர்த்தும் உரிமை பற்றிய பத்து முன்வரைவுகளை ஆளுநர் இரவி 2023 நவம்பர் 13இல் திருப்பினார். நவம்பர் 18இல் சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. நவம்பர் 28இல் அவர் அவற்றைக் குடியரசுத் தலைவர்க்கு ஒதுக்கினார். 2025 ஏப்பிரல் 8இல் உச்ச நயன்மன்றத்தின் இருவர் ஆயம், பத்தும் ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்று தீர்த்து, ஆளுநர்க்குக் கால வரம்பும் வகுத்தது. தமிழ்நாடு மகிழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 20இல் ஐவர் ஆயம், யாப்பில் இல்லாத கால வரம்பை மன்றம் வகுக்க இயலாது, தானாக ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளவும் இயலாது என்று கருத்துரைத்தது. கரணியம் காட்டாது நெடுங்காலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்குமாறு பணிக்கலாம் என்பதே எஞ்சியது. புதுவையிலும் இப்படித்தான்: அன்றாட ஆட்சியில் துணைநிலை ஆளுநர் தலையிடலாகாது என்று 2019இல் சென்னை உயர் நயன்மன்றத் தனி நடுவர் சொன்னதை, 2020இல் இருவர் ஆயம் நீக்கிவிட்டது. மன்றப் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக எத்தனை ஆண்டுகள்! எழுத்தில் இல்லாததை எழுத வேண்டியவர் சட்டம் இயற்றுவோரே. ஆளுநர்க்கு ஆறு திங்கள் வரம்பு வேண்டும் என்று பூஞ்சி ஆணையம் 2010இலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1909இல் மக்களவை நிறைவேற்றிய வரவு செலவுத் திட்டத்தைப் பெருமக்கள் அவை தள்ளியது. அங்கே எவரும் பெருமக்களுக்கு நல்லறிவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1910இல் இருமுறை தேர்தலைச் சந்தித்து, 1911இல் விதியையே மாற்றினர். பண முன்வரைவை ஒரு திங்களுக்கு மேல் தடுக்க முடியாது, பிறவற்றை ஈராண்டுக்கு மேல் தடுக்க முடியாது என்றாயிற்று. 1949இல் அந்த ஈராண்டும் ஓராண்டாகக் குறைந்தது. முடியாட்சி நாட்டில் முடிந்தது, குடியரசு நாட்டில் முடியாதா?

புதுவை அவை மாநில உரிமை கேட்டுப் பன்முறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அக்கோரிக்கை நேரியது. ஆனால் மாநில உரிமை வரும்வரை ஓட்டைக் கூரையை வேயாதிருப்பது என்ன அறிவு? நாடாளுமன்றம் எளிய பெரும்பான்மையால் இயற்றிய சட்டம் இது. எளிய பெரும்பான்மையாலேயே திருத்தலாம். அமர்த்த உறுப்பினரை நீக்குக. உடனடியாக நீக்க மனமில்லையேல், நம்பிக்கைத் தீர்மானத்திலும் பணச் செய்திகளிலும் அவர்களின் வாக்கையேனும் நீக்குக. அவைக்கு விதித்த அதே ஆறு திங்களை ஆளுநர்க்கும் குடியரசுத் தலைவர்க்கும் விதித்திடுக. ‘எச்செய்தியிலேனும்’ என்னும் நாற்பத்து நான்காம் பிரிவின் அகலத்தைச் சுருக்குக. இவற்றைப் பிரிவு எண்ணோடும் திருத்தச் சொற்களோடும் தீர்மானமாக்கி அவைமுன் வைக்கும் கடமை காரைக்காலின் ஐந்து உறுப்பினர்க்கும் உண்டு. அவர்கள் எக்கட்சியினராயினும் சரி. காலந்தாழ்த்தினால் நோய் பரவும். சம்மு காசுமீர அவைக்கும் ஐவரை அமர்த்தும் ஏற்பாடு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் வந்துவிட்டது.

தில்லியில் புதுவைக்குரிய இடம் இரண்டு. மக்களவைக்கு 2019இலும் 2024இலும் தேர்ந்தெடுக்கப்பெற்றவர், அன்று மூவரை ஏற்க மறுத்த அதே வைத்திலிங்கம். மாநிலங்களவைக்கு 2021இல் தேர்ந்தெடுக்கப்பெற்றவர், 2017இல் அமர்த்தப்பெற்ற மூவருள் ஒருவரான அதே செல்வகணபதி. இவ்வுட்பிரிவின் இருபுறமும் நின்றறிந்தவர்கள். நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் முன்வரைவுகளுக்கென்று வெள்ளிக்கிழமைப் பிற்பகல் ஒதுக்கப்பெற்றிருக்கிறது. கோவில்பத்திலிருந்தும் மற்றைக் காரைக்கால் ஊர்களிலிருந்தும் இருவர்க்கும் ஒரே மடல் போகட்டும். கேட்க வேண்டியது ஒரு வரித் திருத்தம்: ‘மூன்றாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நீக்கப்படுகிறது.’