மிகச் சிறிய ட்வீட்டரைத் தேடுவோருக்கு

வீட்டிலேயே தம் கையால் ஒலிபெருக்கிப் பெட்டி செய்து பார்க்கும் ஆர்வம் நம் மாணவரிடையே இன்றும் குன்றாமல் இருந்து வருகிறது. இயற்பியல் ஆசிரியனாகப் பல்லாண்டு பணிபுரிந்தவன் என்ற முறையில், அவர்களுள் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. வருவோர் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, மிகச் சிறிய ட்வீட்டர் எங்கே கிடைக்கும்?" எங்கே என்பதற்கு விடை எளிது. "எதற்காகச் சிறியது வேண்டும்?" என்று நான் திருப்பிக் கேட்கும்போதுதான் பேச்சு நீளும். அந்தப் பேச்சையே இன்று உங்களுடனும் பேச விரும்புகிறேன்.

ட்வீட்டர் என்பது உச்சமான ஒலிகளை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி. குருவியின் கீச்சொலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் அதன் கூட்டாளிக்கு நாயின் குரைப்பொலியை ஒட்டி வூஃபர் என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராய் இருந்திருக்க வேண்டும்! கச்சேரியில் ஜால்ராவின் கணீர் ஒலியும், கஞ்சிராவின் சலங்கைச் சில்லுகள் எழுப்பும் கிலுகிலுப்பும், பேச்சில் ஸகரமும் ஷகரமும் தெளிவாகக் கேட்பதற்கு வினாடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள் இன்றியமையாதவை. மத்திய அலை ஒலிபரப்பில் அந்த எல்லைக்கு மேல் அதிகம் வருவதில்லை. ஆகவே அதைக் கேட்கும் பெட்டியில் ட்வீட்டருக்கு வேலை குறைவு. பண்பலையில் 15,000 வரை வரும். சென்னையில் பண்பலை ஒலிபரப்பு 1977-ஆம் ஆண்டு தொடங்கியது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இனிச் சிறுமையின் பயனைப் பார்ப்போம். ஒலி வினாடிக்குச் சற்றேறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. அந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். 1,000 அதிர்வுகளுக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர், 4,000-க்கு எட்டரை, 20,000-க்கு ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒலி எழுப்பும் பரப்பு அலைநீளத்தைவிடச் சிறியதாயிருந்தால் ஒலி நாற்புறமும் பரவும்; பெரியதாயிருந்தால் டார்ச் விளக்கின் ஒளிக்கற்றைபோல் நேர் எதிரே மட்டும் பாயும். நான்கு அங்குல ஒலிபெருக்கியின் கூம்பு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் அகலமுடையது. ஆதலால் 4,000-க்கு மேல் அது ஒருமுகப்பட்டுவிடுகிறது. எதிரே அமர்ந்தவருக்கு ஜால்ரா கேட்கும். அறையின் மூலையில் அமர்ந்த பாட்டிக்குக் கேட்காது.

இன்னொரு பயன் உண்டு. பலரும் எண்ணிப் பாராதது அதுதான். ஒலிபெருக்கியும் ட்வீட்டரும் வேலையை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக்கொள்ளும் அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு அந்த அலைநீளத்துக்குள் அடங்கியிருத்தல் நலம். மிகுந்துவிட்டால், சில உயரங்களில் இரு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். உட்கார்ந்து கேட்டால் ஒரு விதமாகவும் எழுந்து நின்றால் வேறு விதமாகவும் இருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள். வழக்கமான ட்வீட்டரின் முகத்தட்டு 10 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. நான்கு அங்குல ஒலிபெருக்கியை அதனுடன் ஒட்டி வைத்தாலும் நடுப்புள்ளிகள் 10 சென்டிமீட்டர் விலகி நிற்கும். 4,000-இன் அலைநீளமோ எட்டரைதான். முகத்தட்டு 4 சென்டிமீட்டரே உள்ள சிறிய ட்வீட்டர் என்றால் இடைவெளி ஏழாகச் சுருங்கிவிடும். பெட்டி சிறியது, ஆகவே ட்வீட்டரும் சிறியதாக வேண்டும் என்பதைவிட இது எவ்வளவோ வலிய காரணம்.

இத்தனை சிறிய கருவி முற்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. அமெரிக்காவில் ரைஸும் கெல்லாக்கும் 1925-இல் சுருள் அசையும் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் பெட்டிகளில் உள்ளவை பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. எட்கர் வில்ச்சர் என்பார் 1958-இல் கவிழ்த்த கிண்ணம் போன்ற குமிழ் ட்வீட்டரைப் புகுத்தினார். எனினும் பின்னால் இருந்த காந்தம் பெரிதாகவே இருந்தது. ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் 1980-களின் தொடக்கத்தில் தனித்தனியே நியோடிமியக் காந்தத்தை உருவாக்கிய பின்னரே, சட்டைப் பொத்தான் அளவுக் காந்தத்தில் போதிய வலிமை கிட்டிற்று.

ஆனால் சிறுமைக்கு விலை கொடுக்க வேண்டும். குமிழின் குறுக்களவைப் பாதியாக்கினால் பரப்பு கால் பங்காகிறது. அதே உரப்பைத் தர அது நான்கு மடங்கு முன்னும் பின்னும் அசைய வேண்டும். அதிர்வெண் பாதியானாலும் அசைவு நான்கு மடங்காக வேண்டும். ஆக, 25 மில்லிமீட்டர்க் குமிழ் 4,000-இல் செய்யும் வேலையை, அதில் பாதியளவான குமிழ் 2,000-இல் செய்ய வேண்டுமானால் பதினாறு மடங்கு அசைய வேண்டும்! அந்த நுண்ணிய சுருள் அதைத் தாங்குமா? கரகரவென்று இரையும், பிறகு ஒரு நாள் மௌனமாகிவிடும். ஆகவே நாம் தேடவேண்டியது, மற்ற ஒலிபெருக்கி ஒருமுகப்படத் தொடங்கும் இடத்தில் வேலையை ஏற்கவல்ல ட்வீட்டர்களுள் மிகச் சிறியதை. அதன் இயல்பான அதிர்வெண் எவ்வளவு என்று விவரத்தாளில் பாருங்கள்; அதுபோல் இரு மடங்குக்குக் கீழே அதைப் பயன்படுத்தாதீர்கள். வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம். "50 வாட்" என்று பொறித்திருப்பது, தாழ்ந்த ஒலிகளை வடிகட்டிய பிறகு முழுப் பெட்டிக்கும் தரும் ஆற்றலைக் குறிப்பதாகவே பெரும்பாலும் இருக்கும்.

வடிகட்டுவதற்கு மிக எளிய வழி ஒரு கண்டென்சரை வரிசையில் இணைப்பது. 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஏறத்தாழ 4,200-இல் வேலையைத் தொடங்கும். 4 ஓம் என்றால் 10 மைக்ரோஃபாரட் தேவை. துருவமற்ற வகையையே கேட்டு வாங்குங்கள். ஆயினும் ஒரு நுட்பம். தனிக் கண்டென்சர், அதிர்வெண் பாதியாகும்போது மின்னழுத்தத்தையும் ஏறத்தாழப் பாதியாக்கும். அசைவோ அதற்குள் நான்கு மடங்காகத் துடிக்கிறது. மிஞ்சுவது இரு மடங்கு. கண்டென்சருக்குப் பின் ட்வீட்டருக்குக் குறுக்கே ஒரு கம்பிச்சுருளையும் சேர்த்தால் மின்னழுத்தம் கால் பங்காகிக் கணக்குச் சரியாகிவிடும். மிகச் சிறிய ட்வீட்டருக்கு இந்தச் சுருளை நான் ஆடம்பரமாகக் கருதுவதில்லை.

எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு வருவோம். சென்னையில் உள்ளவர்க்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் தெரிந்தவையே. ஆனால் அங்கே போகுமுன் கார்களைப் பற்றி எண்ணிப் பாருங்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் பொருத்தும் ட்வீட்டர்கள் மிகச் சிறியவை. ஓட்டுபவரின் காதுக்கு நேராக இல்லாத இடத்திலிருந்து ஒலிப்பதற்கென்றே செய்தவை. ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதியதும், புதுப்பேட்டையில் கழற்றியதும் தேடலாம். பெரும்பாலும் அவை 4 ஓம். கம்பியிலேயே ஒரு கண்டென்சர் தொங்கும். அதன் அளவைப் படித்துக் கணக்கிட்ட பிறகே இணையுங்கள், 4.7 என்றிருந்தால் வேலை 8,000-க்கு மேல்தான் தொடங்கும், இடையில் ஒரு பள்ளம் விழும்.

சிறியதெல்லாம் ட்வீட்டர் என்று கொள்ளற்க. பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலும் மடிக்கணினியிலும் கிடைப்பவை பெரும்பாலும் எல்லா ஒலிக்குமான சிற்றொலிபெருக்கிகளே. அவற்றின் சவ்வைச் சுற்றி மெத்தென்ற அகன்ற வளையம் காணப்படும். கையோடு ஒரு மல்ட்டிமீட்டர் கொண்டு செல்லுங்கள். 8 ஓம் ட்வீட்டர் ஆறு அல்லது ஏழு காட்டும். முனையைத் தொடும்போது மெல்லிய சொடுக்கொலியும் கேட்கும். பீங்கான் தகட்டால் இயங்கும் பீசோ ட்வீட்டரோ எந்த எண்ணும் காட்டாது. அதில் சுருளே இல்லை. அதைச் செத்தது என்று எண்ணிக் குப்பையில் எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இரண்டாக வாங்குங்கள், இரண்டையும் ஒரே பாட்டில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தேர்வைக் கடைக்காரரிடமோ என்னைப் போன்ற முதியவரிடமோ ஒப்படைக்க வேண்டாம். வயது ஏற ஏற உச்ச ஒலிகள் காதைவிட்டு நீங்குகின்றன. என்னுடைய காதுக்கு 10,000-க்கு மேல் அனேகமாக ஒன்றும் எட்டுவதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவனுடன் கடைக்குச் சென்றிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நானும் கடைக்காரரும் தலையசைத்தோம். அவன் மட்டும் இடப்பக்கத்தைச் சுட்டி, "இதில் ஜால்ரா மங்கலாகக் கேட்கிறது, ஐயா" என்றான். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அதன் குமிழில் விரல் அழுத்திய குழி ஒன்று இருந்தது.